வேலூர் லாட்ஜ் உரிமையாளர்களுக்கு: ஐப்பசி மழைக்கு முன் உங்கள் ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசி போடுங்கள்

மதிப்பிற்குரிய லாட்ஜ் உரிமையாளர்களே, மேலாளர்களே, வணக்கம்.

காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் தோட்டப்பாளையத்திலும் கொசப்பேட்டையிலும், இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் கன்னிகாபுரத்தைச் சுற்றியும் லாட்ஜ் நடத்தும் உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. செப்டம்பர் முடிவதற்குள் உங்கள் லாட்ஜில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், ரிசப்ஷனில் உட்காருபவர் முதல் மாடி பெருக்கும் அக்கா வரை, உங்கள் செலவில் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போட்டுவிடுங்கள். அடுத்தது, காய்ச்சலும் இருமலும் வந்த ஊழியரைச் சம்பளம் பிடிக்காமல் ஐந்து நாள் வீட்டில் இருக்க விடுங்கள். கை கழுவுவது, ஜன்னல் திறப்பது, தரை துடைப்பது எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இந்த இரண்டும் இல்லாமல் அவை பாதி வேலைதான் செய்யும்.

இதை எழுதும் நாங்கள் வேலூரில் தொற்றுத் தடுப்பிலும் தடுப்பூசிப் பணியிலும் இருக்கும் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், சுகாதார ஆய்வாளர்கள். பள்ளிக்கூடங்களுக்கோ ஷூ கம்பெனிகளுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் சி.எம்.சி. என்னும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்தபோது அதைச் சுற்றி உங்கள் தெருக்களும் வளர்ந்தன. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தோ வருகிறவர்கள் வார்டில் இருப்பது சில நாள். உங்கள் அறையில் இருப்பது பல வாரம், சிலர் பல மாதம். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர், எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர், இவர்களெல்லாம் உங்கள் இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள். வார்டுக்குள் யார் போகலாம், எப்படிப் போகலாம் என்பதற்கு விதி உண்டு. உங்கள் இரண்டாம் மாடிக்கு அப்படி எந்த விதியும் இல்லை. காலையில் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகிற ரூம் பாய்க்கு முந்தின நாள் ராத்திரியிலிருந்து உடம்பு வலி என்றால், அதைத் தடுத்து நிறுத்த யாரும் இல்லை.

ஃப்ளூ என்று நாங்கள் சொல்வது மூக்கு ஒழுகும் சாதாரண ஜலதோஷத்தை அல்ல. அது திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் குளிர் நடுக்கத்தோடு படுத்துவிடுவார். 101, 102 டிகிரி காய்ச்சல், தலைவலி, இடுப்பும் தொடையும் முறித்துப் போட்டதுபோல் வலி, வறட்டு இருமல், தொண்டை வலி. திடமான ஆளுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இருமலும் அசதியும் இன்னும் இரண்டு வாரம் இழுக்கலாம். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் நோயாளிக்கு அதே வைரஸ் நுரையீரலில் இறங்கி நிமோனியாவாக மாறும். அவர் உடம்பில் வைரஸ் தங்கும் நாளும் அதிகம். மற்றவர்கள் ஐந்து முதல் ஏழு நாளில் வைரஸ் வெளியிடுவதை நிறுத்திவிடுவார்கள். இவர்கள் வாரக்கணக்கில் வெளியிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு வந்தால் அந்த மாடி முழுக்கச் சுற்றும் என்பதன் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தொற்றிய ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் நோய் தெரியும், பெரும்பாலும் இரண்டாம் நாளில். ஆனால் காய்ச்சல் அடிப்பதற்கு ஒரு நாள் முன்பே அவர் மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். 'இருமினால் மட்டும் வேலைக்கு வராதே' என்ற விதி மட்டும் போதாததும், ஊசியை முதலில் வைத்ததும் இதனால்தான்.

வேலூர் லாட்ஜுகளுக்கு ஃப்ளூ காலம் ஒன்றல்ல, இரண்டு. கொல்கத்தா பக்கமும் வட இந்தியாவின் பெரும்பகுதியிலும் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ ஏறும். நம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில், அதாவது ஐப்பசி அடைமழையில் ஏறும். ஹவுராவிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் நெருக்கியடித்து வந்து காட்பாடி ஜங்ஷனில் இறங்கி நேராக உங்கள் ரிசப்ஷனுக்கு வருகிறவர் ஆகஸ்டிலேயே அந்த ஊர் வைரஸைக் கொண்டுவரலாம். அக்டோபரில் நம் ஊர் வைரஸை உங்கள் ஊழியர் ஊசூரிலிருந்தோ கணியம்பாடியிலிருந்தோ பஸ்ஸில் கொண்டுவரலாம். இடையில் அகப்பட்டுக்கொள்பவர் நோயாளி. ஆண்டு தொடக்கத்தில் இன்னொரு சிறு ஏற்றமும் வரும். 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது தமிழக அரசு மாநிலம் முழுக்கக் காய்ச்சல் முகாம் நடத்தியது நினைவிருக்கும்.

அப்படியானால் ஊசி எப்போது? உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், எந்த வகை வைரஸ்களை ஊசியில் சேர்ப்பது என்று அறிவிக்கிறது. பிப்ரவரியில் அறிவித்தது தயாராகி ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் கடைக்கு வரும். ஊசி போட்டு எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். மாதங்கள் போகப் போக அது குறையவும் செய்யும். ஆகவே ஆகஸ்ட் பின்பாதியிலிருந்து செப்டம்பர் 30க்குள் போட்டு முடிப்பதுதான் நம் ஊர்க் கணக்குக்குப் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. மாற்று அறுவை, கீமோ நோயாளிகளே பெரும்பாலும் தங்கும் லாட்ஜாக இருந்து, ஊழியர் யாருக்கும் இதுவரை போட்டதே இல்லையென்றால் புதிய மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் கிடைக்கும் காலாவதியாகாத மருந்தை இப்போதே போடுங்கள். அக்டோபர் தாண்டிவிட்டாலும் போடாமல் விடுவதைவிடப் போடுவது மேல்.

'போன வருஷம் போட்டாச்சே' என்பது இங்கே செல்லாது. இந்த வைரஸ் ஆண்டுதோறும் தன் மேற்பரப்பைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும், போன ஆண்டு எதிர்ப்பு அதைச் சரியாக அடையாளம் காணாது. இப்போதைய ஊசியில் மூன்று வகை இருக்கும்: எச்1என்1, எச்3என்2, பி விக்டோரியா. முன்பு நான்காவதாக இருந்த பி யமகட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று 2023இலேயே முடிவானது. எனவே 'நாலு வகை உள்ளதுதான் உசத்தி' என்று யாராவது சொன்னால் அதற்காக அலைய வேண்டாம். பார்க்க வேண்டியது டப்பாவில் அச்சிட்டிருக்கும் ஆண்டும் காலாவதித் தேதியும்தான். புதிய மருந்து வந்த பிறகும் போன ஆண்டு மீந்ததை மலிவாகத் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள்.

ஊசி கெட்டுப்போவது பெரும்பாலும் வழியில்தான். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. மெடிக்கலில் வாங்கிப் பாலிதீன் பையில் போட்டு, டூவீலர் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வேலூர் வெயிலில் வந்தால் போட்டும் பயன் சொல்ல முடியாது. அதற்குப் பயந்து ஐஸ் கட்டிக்குள் புதைத்துக் கொண்டுவருவது அதைவிட மோசம். உறைந்த ஊசியைத் தூக்கி எறியத்தான் வேண்டும். ஆகவே மருந்தை நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். ஒரு கிளினிக்கிடமோ மருத்துவமனையிடமோ பேசி, டாக்டரும் நர்ஸும் தடுப்பூசிப் பெட்டியோடு உங்கள் லாட்ஜுக்கே வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். அக்கம்பக்கத்து மூன்று நான்கு லாட்ஜுகள் சேர்ந்தால் ஒரே நடையில் முடியும். வருகிறவர்கள் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே பெட்டியில் வைக்காமல், குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே வைத்திருந்து பிறகு அடுக்குவார்கள். அதைச் செய்தார்களா என்று நீங்கள் கேட்கலாம், தப்பில்லை.

போடும் முறை எளிது. உட்கார வைத்து, தோள்பட்டைக்குக் கீழே மேல்கைத் தசையில் 0.5 மில்லி. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்று. போட்ட பிறகு குறைந்தது 15 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும். ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கைவசம் இருக்க வேண்டும். முந்தைய ஃப்ளூ ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவருக்குப் போடக்கூடாது. அன்று நல்ல காய்ச்சல் இருப்பவருக்குத் தள்ளிப்போடலாம். வெறும் மூக்கடைப்புக்குத் தள்ள வேண்டியதில்லை. கர்ப்பிணி ஊழியருக்கு எந்த மாதத்திலும் போடலாம், போடவும் வேண்டும். அது பிறக்கப்போகும் குழந்தைக்கும் சேர்த்துக் காப்பு, ஏனென்றால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசியே இல்லை. சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள்தான் முதலில் போட்டுக்கொள்ள வேண்டியவர்கள். மூக்கில் அடிக்கும் உயிருள்ள வைரஸ் ஸ்ப்ரே வகை உங்கள் ஊழியர்களுக்கு வேண்டாம். எதிர்ப்புச் சக்தி அடங்கியவர்களுக்கு அருகில் வேலை செய்கிறவர்களுக்கு ஊசியே சரி.

கையில் வலி, ஒரு நாள் இரண்டு நாள் லேசான காய்ச்சல், உடம்பு வலி வரலாம். அதற்காக எல்லோருக்கும் ஒரே நாளில் போடாமல் பாதிப் பேருக்கு இந்த வாரம், மீதிப் பேருக்கு அடுத்த வாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி டூட்டி பார்ப்பவருக்கு டூட்டி முடியும் காலையில் போடுங்கள், போய்த் தூங்கட்டும். இந்த ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், அதனால் ஃப்ளூ வரவே முடியாது. போட்ட மூன்றாம் நாள் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், எதிர்ப்பு உருவாகும் முன்பே அவருக்குத் தொற்றியிருக்கிறது, அல்லது வேறு வைரஸ். 'ஊசி போட்டதால்தான் வந்தது' என்ற பேச்சு ஒரு லாட்ஜில் கிளம்பினால் தெரு முழுக்கப் போய்விடும். இதை முன்னாலேயே ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசி முழுக்கக் காப்பாற்றுமா? இல்லை. பரவும் வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் மருத்துவரிடம் போகும் அளவு நோய் வருவதை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். வந்தாலும் கடுமை குறையும். 'பாதிதானே' என்று கேட்பவருக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: உங்கள் மாடியில் இருக்கும் மஜ்ஜை மாற்று நோயாளிக்கு அதே ஊசி போட்டால் அவர் உடம்பு அந்தப் பாதி அளவுக்குக்கூட எதிர்ப்பை உருவாக்காது. அவருக்கு எப்போது போடலாம் என்பதையும் சிகிச்சை தரும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரைக் காக்க வேண்டியது அவரைச் சுற்றி இருப்பவர்களின் உடம்பு. கூட வந்திருக்கும் அண்ணனும் அம்மாவும் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த அறைக்குத் தினமும் இருமுறை போகும் உங்கள் ஊழியரும் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஊசி அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. ஒரு ஊசி ஏறக்குறைய ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் வரும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் லாட்ஜுக்கு 1,500 என்று வைத்தாலும் ஆண்டுக்கு 18,000 ரூபாய். நாள் கூலிக்கு வரும் துப்புரவு அக்கா தன் கைக்காசில் போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. செலவை ஊழியரோடு பாதிப் பாதி பங்கு போடலாமா என்ற யோசனையும் வேண்டாம். பங்கு கேட்ட இடத்திலெல்லாம் பாதிப் பேர் விலகிக்கொள்வார்கள், விலகுகிறவர் யாரோ அவரே அதிகம் அறைகளுக்குள் போகிறவராக இருப்பார்.

அடுத்து விடுப்பு. காய்ச்சலோடு ஊழியர் ஏன் வேலைக்கு வருகிறார் என்பது உங்களுக்கே தெரியும்: வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஒரு டோலோ போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார். பாராசிட்டமால் காய்ச்சலை இறக்குமே தவிர வைரஸ் வெளியேறுவதைக் குறைக்காது. தெம்பாக இருப்பதுபோல் காட்டி அவரை இன்னும் பத்து அறைக்கு அனுப்பும். காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாள், அதோடு மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலிருக்க வேண்டும். இரண்டில் எது பிந்தியதோ அதுவரை அவர் வரக்கூடாது. திரும்பி வந்த பிறகும் இருமல் இருக்கும்வரை மாஸ்க்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் லாட்ஜுகள் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகின்றன; மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, தகுதிக்கான சந்தா நாள்கள் இருந்தால், நோய்க்காலத்தில் 70 சதவீதச் சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் அதில் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது. ஃப்ளூ வந்தவர் மிக அதிகமாக வைரஸ் வெளியிடுவது அந்த முதல் இரண்டு மூன்று நாளில்தான். அந்த இரண்டு நாள் கூலியையும் மீதி நாள்களில் குறையும் 30 சதவீதத்தையும் நீங்கள் கொடுத்தால் போதும், ஓட்டை அடைபடும். இ.எஸ்.ஐ. இல்லாத சிறு லாட்ஜ் என்றால் ஐந்து நாளும் உங்கள் பொறுப்பு. பக்கத்து லாட்ஜோடு பேசி ஆள் மாற்றி அனுப்பும் ஏற்பாட்டை இப்போதே செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் வந்த பிறகு தேடினால் ஆள் கிடைக்காது, அவரையே கூப்பிடத் தோன்றும்.

இனி ராத்திரி மேலாளருக்கு. கீமோ எடுக்கும் விருந்தினருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், அது ஃப்ளூவோ வேறோ, அவசர நிலை. வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும். காலையில் பார்க்கலாம் என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். அவர்கள் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும், உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்; வண்டி இல்லையென்றால் 108. ரிசப்ஷன் டிராயரில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரும் இருக்கட்டும். மற்றவர்களுக்கும் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், உதடு நீலம், மயக்கம், ஆக்ஸிஜன் 94க்குக் கீழ், அல்லது இறங்கிய காய்ச்சல் மீண்டும் ஏறுவது என்றால் காத்திருக்கக் கூடாது. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையை நோய் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அது டாக்டர் சீட்டில் மட்டும் கிடைக்கும் மருந்து. முன்கூட்டியே வாங்கி வைத்து எல்லோருக்கும் கொடுக்கும் பண்டம் அல்ல. ஆன்டிபயாட்டிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது.

ஐப்பசியில் டெங்குவும் இருக்கும். அதனால் காய்ச்சல் என்றாலே ஃப்ளூ என்று முடிவு கட்டி புரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். நிலவேம்புக் குடிநீர் வைத்துக் கொடுக்கும் லாட்ஜுகள் உண்டு. உங்கள் நல்ல மனது புரிகிறது, ஆனால் அது ஊசிக்கு மாற்று இல்லை. கீமோ, மாற்று அறுவை நோயாளிகளுக்கு டாக்டரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் தராதீர்கள். அவர்கள் எடுக்கும் மருந்தின் அளவு ரத்தத்தில் மாறிவிடக்கூடும்.

அறை மாற்றும்போது நடக்கும் தவறுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருவர் காலி செய்து அரை மணி நேரத்தில் அடுத்தவர் உள்ளே வந்துவிடுகிறார். ஸ்டீல், பிளாஸ்டிக், மைக்கா போன்ற வழவழப்பான பரப்பில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரம். எனவே தரையைவிட முக்கியம் கை படும் இடங்கள்: கதவுக் கைப்பிடி, தாழ்ப்பாள், சுவிட்சு, ஃபேன் ரெகுலேட்டர், டி.வி. ரிமோட், பக்கெட் பிடி, மக், குழாய்த் திருகு, ஃப்ளஷ் பட்டன், கேன் தண்ணீர்ச் சாய்ப்பான். தரையை மூன்று முறை துடைத்துவிட்டு ரிமோட்டைத் தொடாமல் விடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் குறை.

அறை காலியானதும் முதல் வேலை ஜன்னலையும் கதவையும் திறந்து ஃபேனை ஓடவிடுவது, குறைந்தது அரை மணி நேரம். பெட்ஷீட்டை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி நேரே பையில் போட வேண்டும். உதறினால் ஒட்டியிருப்பதெல்லாம் பறந்து பெருக்குபவர் மூக்குக்குத்தான் போகும். சாதாரண சோப்புத்தூளில் துவைத்து நல்ல வெயிலில் காயவைத்தால் போதும். மழை நாளில் இஸ்திரி போடுங்கள். தலையணை உறை மாற்றாமல் பெட்ஷீட் மட்டும் மாற்றுவது கூடாது.

பிறகு சோப்புத் தண்ணீரால் துடைத்து அழுக்கை எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் குளோரின் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும், வைரஸுக்கு மிச்சம் இருக்காது. அடுத்து 0.1 சதவீதக் குளோரின் கரைசல். 5 சதவீதம் என்று லேபிளில் உள்ள ஹைப்போகுளோரைட் திரவம் 200 மில்லியை 9.8 லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஒரு பத்து லிட்டர் பக்கெட் தயார். பிளீச்சிங் பவுடர் என்றால், 33 சதவீதம் உள்ள புதுப் பவுடர் 30 கிராம், பத்து லிட்டருக்கு. கலக்கித் தெளியவிட்டு மேல் தண்ணீரை எடுங்கள். வாய் கட்டாத மூட்டையில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த பவுடருக்கு அந்தச் சக்தி இருக்காது, வாசனை குறைந்திருந்தாலே தெரிந்துகொள்ளலாம். அதனால் லாட்ஜுக்குத் திரவமே வசதி. கரைசலைத் தினமும் புதிதாக, பச்சைத் தண்ணீரில், மூடியுள்ள பக்கெட்டில் கலக்குங்கள். வெயிலில் வைத்தாலும் வெந்நீரில் கலந்தாலும் வீணாகும். துடைத்த பரப்பு பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். துடைத்த கையோடு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் பயனில்லை. பத்து நிமிடம் கழித்து ஸ்டீலை நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். ரிமோட், சுவிட்சு, போனுக்குக் குளோரின் வேண்டாம். 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால், சுவிட்சை அணைத்துவிட்டுத் துடைக்கலாம்.

இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டோர் ரூமில் ஒட்டுங்கள்: கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங்கைச் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத பாத்ரூமில் குனிந்து தேய்ப்பவரின் நுரையீரல் வெந்துவிடும். ஆசிட் போட்டுக் கழுவிய இடத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் காயவிட்ட பிறகுதான் குளோரின். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கை கழுவுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் ஊரில் சிக்கல் தண்ணீர். போர் தண்ணீர் கடினமாக இருப்பதால் பார் சோப் நுரைப்பதில்லை, அதனால் பாதியில் விட்டுவிடுகிறார்கள். திரவ சோப் வையுங்கள். நனைத்துக் குழாயை மூடி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி எல்லாம் 20 விநாடி தேய்த்து, பிறகு திறந்து கழுவினால் லாரித் தண்ணீர் வாங்கும் லாட்ஜுக்கும் பாரமில்லை. ரிசப்ஷனில் தொங்கும் அந்த ஒரே துண்டை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு முனையில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு மேல் உள்ள ஹேண்ட் ரப் ஒன்று இருந்தால், அறைக்கு அறை போகும் ஊழியர் தேய்த்துக்கொண்டே போகலாம்.

காற்று பற்றி. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது; அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றவிடும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடி வைப்பது டெங்கு காலத்தில் நியாயமே, ஆகவே கொசு வலை அடித்துத் திறந்து வையுங்கள். ஜன்னலே இல்லாத உள் அறைகள் சில லாட்ஜுகளில் உண்டு. அவற்றை மாற்று அறுவை நோயாளிகளுக்கும் இருமலோடு வருபவர்களுக்கும் கொடுக்கவே கூடாது. பொதுச் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று இன்றே பாருங்கள். பல இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கேறி நின்றுபோயிருக்கிறது. ஒரே அடுப்புக்கு ஆறு குடும்பம் காத்திருக்கும் சமையலறைதான் லாட்ஜில் தொற்று பரவ மிக வசதியான இடம். மாடிவாரியாக நேரம் பிரித்துக் கொடுத்தால் கூட்டம் பாதியாகும். இருமல் உள்ள குடும்பத்துக்கு மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வரவழைத்து வாசலில் வைக்கலாம்.

ரிசப்ஷனில் இரண்டு கேள்வி கேளுங்கள், வங்காளத்திலும் இந்தியிலும் எழுதியும் வையுங்கள். 'காய்ச்சல், இருமல் இருக்கிறதா?' 'கூட்டத்தில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா?' என்ன நோய் என்று கேட்க வேண்டியதில்லை, அது அவர்கள் சொந்த விஷயம். முதல் கேள்விக்கு ஆம் என்றால் மாஸ்க் கொடுத்து, ஜன்னலுள்ள கடைசி அறை. இரண்டாவதற்கு ஆம் என்றால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம், சமையலறையிலிருந்தும் லிஃப்டிலிருந்தும் தள்ளி. வங்கதேசத்தவருக்கு வெளிநாட்டினர் தங்கல் படிவம் நிரப்ப நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க நோயாளியை நெரிசலான கவுன்ட்டரில் நிற்க வைக்காமல், கூட வந்தவரை மட்டும் நிறுத்திக்கொண்டு நோயாளியை அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

காய்ச்சல் என்று சொன்னவரை வெளியேற்றாதீர்கள். இதை மிகுந்த மன வேதனையோடு எழுதுகிறோம். மொழி தெரியாத ஊரில் நோயாளியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அறை தேடுகிறவர் அடுத்த லாட்ஜில் காய்ச்சலை மறைத்துத்தான் அறை எடுப்பார். வேறு என்ன செய்வார்? மறைத்து வந்தவரின் பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஐந்து நாள் அதே அறையில் இருக்கச் சொல்லி, ஊசி போட்ட ஓர் ஊழியரை மட்டும் அந்த அறைக்கென்று ஒதுக்கி, சாப்பாட்டையும் தண்ணீரையும் வாசலில் வைப்பது எல்லோருக்கும் பாதுகாப்பு.

ஆடி முடிவதற்குள் செய்ய வேண்டியவை: ஊழியர் பெயர், வயது, கர்ப்பம், சர்க்கரை, ஆஸ்துமா, முந்தைய ஒவ்வாமை ஆகியவற்றோடு ஒரு பட்டியல், பக்கத்து லாட்ஜுகளோடு சேர்ந்து ஊசி போடும் இரண்டு தேதிகள், நோய் விடுப்பு விதியை ஒரு தாளில் எழுதி, உரிமையாளர் கையெழுத்தோடு ஊழியர் அறையில் ஒட்டுவது. ஊசி போட்ட நாளில் மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். யாருக்காவது ஒவ்வாமை வந்தால் கேட்பார்கள், அடுத்த ஆண்டுக் கணக்குக்கும் உதவும். ஒரே மாடியில் ஒரு வாரத்துக்குள் மூன்று பேருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் மாநகர நல அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. ஊழியர்கள் ஊசிக்குத் தயங்கினால் எங்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் டூட்டி மாறும் நேரத்தில், காலை ஆறு மணியானாலும், நேரில் வந்து அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
வேலூரில் தொற்றுத் தடுப்பு, தடுப்பூசிப் பணியில் இருக்கும் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், சுகாதார ஆய்வாளர்கள்